மேட்டு வீட்டுத் தாத்தாவை வழியனுப்ப: ஐயோவா பயணக் குறிப்புகள்

முதல் நாள், செவ்வாய்

ஞாயிறு இரவு தாத்தாவின் மூத்த மகள் கூப்பிட்டார். குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. மதியம் சாப்பிட்டு முடித்து, வழக்கம்போல் பாட்டியைப் பார்த்துச் சாப்பாட்டுக்கு நன்றி சொல்லிவிட்டு, ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே போய்விட்டாராம். 91 வயது. "வெள்ளிக்கிழமை அடக்கம். உன் வேலையைப் பார்த்துக்கொண்டு முடிவு செய்" என்றார். முடிவு செய்ய ஒன்றும் இருக்கவில்லை. அன்றிரவே டிக்கெட் எடுத்துவிட்டேன்.

அவர் எனக்கு இரத்த உறவு அல்ல. 1999ல் மதுரையிலிருந்து ஐயோவா மாநிலத்தின் டெகோரா என்ற சிற்றூருக்குப் படிக்க வந்தேன். வெளிநாட்டு மாணவர்களுக்கு உள்ளூர்க் குடும்பம் ஒன்றைத் துணைக்குச் சேர்த்துவைப்பார்கள். எனக்கு வாய்த்தது ஊருக்கு வெளியே மேட்டின் மேல், மாட்டுத்தொழுவமும் மக்காச்சோளக் காடும் சூழ்ந்த ஒரு பண்ணை வீடு. அவருடைய கொள்ளுத்தாத்தா நார்வேயின் வால்ட்ரெஸ் பள்ளத்தாக்கிலிருந்து வந்து திருத்திய நிலம். பேரப்பிள்ளைகள் அவரை 'பெஸ்தெஃபார்' என்று கூப்பிட்டார்கள். "எங்கள் ஊரில் இதற்குத் தாத்தா என்போம்" என்றேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். "இது இன்னும் சுலபமாக இருக்கிறதே, அப்படியே கூப்பிடு" என்றார். அன்றிலிருந்து அவர் தாத்தா, பெஸ்தெமோர் பாட்டி. அவர்கள் விளம்பரத்தை விரும்பாத குடும்பம். அதனால் இந்தக் குறிப்புகளில் யார் பெயரும் இருக்காது.

நெவார்க்கில் விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். மினியாபொலிஸில் இறங்கிக் காரை எடுக்கும்போது பிற்பகல் ஆகிவிட்டது. அங்கிருந்து 52ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே ஏறக்குறைய 250 கிலோமீட்டர். ராச்செஸ்டர் வரை நிலம் சமதளமாகவே வருகிறது. அதைத் தாண்டியதும் சாலை இறங்கி ஏறத் தொடங்குகிறது. சுண்ணாம்புப் பாறைச் சரிவுகளும் ஓடைகளும் தென்படுகின்றன. கடைசிப் பனியுகத்தின் பனிப்பாளங்கள் இந்தப் பகுதியைத் தொடாமல் விலகிப்போனதால், மற்ற இடங்களைப்போல் இது மட்டமாகத் தேய்க்கப்படவில்லை. ஹார்மனி என்ற ஊருக்கருகே, காரைத் தவிர்த்துப் பழைய முறையில் வாழும் ஆமிஷ் கிறிஸ்தவர்களின் குதிரைவண்டி ஒன்று சாலையோரமாகப் போய்க்கொண்டிருந்தது. அக்டோபர் மாதம், மேப்பிள் மரங்கள் சிவந்து நிற்கின்றன.

எப்போது போனாலும் தாத்தா கேட்கும் முதல் கேள்வி, "வழியில் சோளம் எப்படி இருந்தது?" என்பதுதான். அதற்குப் பதில் வைத்துக்கொள்வதற்காகவே இருபுறமும் பார்த்துக்கொண்டு ஓட்டுவேன். இன்றும் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். மினசோட்டா பக்கம் பாதிக்கு மேல் அறுத்தாகிவிட்டது. எல்லை தாண்டி ஐயோவாவில் இன்னும் நிறைய நிற்கிறது. கதிர் காய்ந்து தலை கவிழ்ந்திருக்கிறது. சில காடுகளில் விளக்கைப் போட்டுக்கொண்டு இரவிலும் அறுக்கிறார்கள்.

இரண்டாம் நாள், புதன்

பாட்டியும் பிள்ளைகளும் இன்று போதகரோடும் அடக்க ஏற்பாடுகளோடும் இருந்தார்கள். "நாளை வா" என்று மகன் சொல்லிவிட்டார். எனவே காலையில் வாட்டர் தெருவில் இருக்கும் வெஸ்டர்ஹைம் அருங்காட்சியகத்துக்குப் போனேன். அமெரிக்காவில் தாத்தா என்னை முதன்முதலாகக் கூட்டிப்போன இடம் அது. வெஸ்டர்ஹைம் என்றால் மேற்கே உள்ள வீடு. நார்வேயிலிருந்து வந்து குடியேறியவர்களின் பண்டபாத்திரங்களை 1877ல் லூதர் கல்லூரியில் சேர்க்கத் தொடங்கினார்கள். அதுதான் இப்படி வளர்ந்திருக்கிறது.

நார்வேயில் உழத்தக்க நிலம் மொத்தப் பரப்பில் 3 சதவீதம் அளவுக்குத்தான். அதுவும் மூத்தவனுக்கே போகும். தம்பிகளுக்குக் கூலிவேலை, அல்லது கப்பல். 1825 ஜூலையில் ஸ்டவாங்கர் துறைமுகத்திலிருந்து ரெஸ்டவ்ராசியோன் என்ற சிறு பாய்மரக் கப்பலில் 52 பேர் புறப்பட்டார்கள். நடுக்கடலில் ஒரு குழந்தை பிறக்க, அக்டோபரில் நியூயார்க்கில் இறங்கியபோது 53 பேர். அதற்கடுத்த நூறு ஆண்டுகளில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதே கடலைக் கடந்தார்கள்.

அருங்காட்சியகத்தில் எனக்கு எப்போதும் முக்கியமானவை மரப்பெட்டிகள்தான். இரும்புப் பட்டை அடித்து, சுருள் சுருளாகக் கொடியும் பூவும் தீட்டி, முகப்பில் உடையவர் பெயரையும் ஆண்டையும் எழுதிய பெட்டிகள். 1999ல் தாத்தா அவற்றில் ஒன்றின் முன்னால் என்னை நிறுத்தி, "இதற்குள் முதலில் எதை வைத்திருப்பார்கள், சொல்" என்றார். துணி, பைபிள் என்று ஏதோ சொன்னேன். "சாப்பாடு" என்றார். பாய்மரக் கப்பல்களில் பயணிகள் தங்கள் உணவைத் தாங்களே கொண்டுவர வேண்டும். இரண்டு மூன்று மாதத்துக்குக் கெடாத தட்டை ரொட்டியும் உப்புக்கறியும் பாலாடைக்கட்டியும். "எத்தனை வாரம், எத்தனை வாய் என்று ஒரு தாய் உட்கார்ந்து கணக்குப் போட்டிருப்பாள்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "உன் அம்மா என்ன கொடுத்தனுப்பினார்?" என்று கேட்டார்.

பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், நார்த்தங்காய் ஊறுகாய் என்று சொல்லத் தொடங்கினேன். ஊறுகாய்க்கு மேல் போக முடியவில்லை. ஊரை விட்டு வந்து பதினோரு நாள், அதுவரை அழுதிருக்கவில்லை. அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. மடித்த கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு, நான் முடிக்கும் வரை அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். பிறகு வீட்டுக்குக் கூட்டிப்போனார். வழியில், "அந்தப் பொடியை எதோடு சாப்பிடுவீர்கள்?" என்று மட்டும் கேட்டார். அன்று பாட்டி சோறு வடித்தார்.

இன்றும் அந்தப் பெட்டி அதே இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வெகுநேரம் நின்றேன்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அப்போது என் அடையாள அட்டையைப் பார்த்த எல்லோரும் குடும்பப் பெயர் எங்கே என்று கேட்டார்கள். தாத்தா முன்னால் நின்ற ஒற்றை எழுத்தைத் தொட்டு, "இது உன் அப்பாவா?" என்றார். அவருடைய முன்னோர்களும் அப்படித்தான். ஊலே என்பவரின் மகன் க்னூட் என்றால் அவன் க்னூட் ஊல்சன். அவன் மகன் மறுபடி ஊலே என்றால் ஊலே க்னூட்சன். மகளென்றால் ஊல்ஸ்தாத்தெர். கடைசியில் குடியிருக்கும் பண்ணையின் பெயர். பண்ணை மாறினால் பெயரும் மாறும். 1923ல் நார்வே சட்டம் போட்ட பிறகுதான் நிலையான குடும்பப் பெயர் கட்டாயமானது. "அப்பா பெயர், ஊர்ப் பெயர். இதைவிட ஒருவனுக்கு வேறென்ன விலாசம் வேண்டும்?" என்றார். என் பெயரை யாருக்கும் விளக்க வேண்டியிராத ஒரு வீடு இந்த நாட்டில் எனக்குக் கிடைத்தது அப்படித்தான்.

ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் சொல்லும்போது ஒன்றை அவர் விட்டதே இல்லை. டெகோரா என்பது நார்வேச் சொல் அல்ல. அமெரிக்கப் பூர்வகுடிகளான ஹோ-சங்க் மக்களின் தலைவர் ஒருவரின் பெயர். அந்த மக்களை 1848ல் இங்கிருந்து அப்புறப்படுத்தினார்கள். இரண்டே ஆண்டில் நார்வேக்காரர்கள் வந்து இறங்கினார்கள். "நல்ல மண். எங்களுக்காகக் காத்திருந்த மண் அல்ல" என்பார்.

மூன்றாம் நாள், வியாழன்

பண்ணைக்குப் போகும் மண்பாதையில் திரும்பியதுமே இரைச்சல் கேட்டது. நான்கு அறுவடை இயந்திரங்கள். பின்னால் தானியம் ஏற்ற டிராக்டர்கள். காட்டில் அறுக்காமல் நின்ற சோளத்தை அக்கம்பக்கத்தார் சேர்ந்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். சாவு விழுந்த வீட்டுக்காரன் இந்த வாரம் வண்டியில் ஏறக்கூடாது என்று, இப்போது பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் மகனை வீட்டுக்குள் அனுப்பிவிட்டார்களாம்.

மதியம் அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். முதல் இயந்திரத்திலிருந்து இறங்கியவருக்கு அறுபது வயது இருக்கும். டிராக்டர் நிழலில் உட்கார்ந்து அவர் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன்.

1980களில் ஐயோவா விவசாயிகளுக்குப் பெரிய அடி விழுந்தது. வட்டி ஏறியது, விளைபொருள் விலை சரிந்தது. 1981ல் உச்சியில் இருந்த நிலத்தின் விலை 1986க்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. நிலத்தை ஈடாக வைத்துக் கடன் வாங்கியவர்கள் மூழ்கினார்கள். அவர்களில் இவருடைய அப்பாவும் ஒருவர். அந்தக் குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு ஞாயிறும் தாத்தா வந்து அவர்கள் சமையலறையில் ஒரு மணி நேரம் உட்காருவாராம். கடனைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். வானிலை, கன்று ஈன்ற மாடு, அவ்வளவுதான். வசந்தத்தில் ஏலம் வந்தது. இவருடைய தாத்தாவின் பட்டறை மேசை, மரச்சட்டம் தேய்ந்த பழைய மேசை, ஏலத்துக்குப் போனது. எங்கள் தாத்தா கையைத் தூக்கி அதை எடுத்தார். அப்பாவுக்கு முகம் இருண்டுவிட்டது. மூன்றாம் நாள் இரவு, குடும்பம் ஊருக்குள் வாடகைக்குப் பிடித்த வீட்டின் பின்பக்கம் அந்த மேசை இறக்கிவைக்கப்பட்டிருந்தது. யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

"என் அப்பா சாகும் வரை அந்த மேசையில்தான் வேலை செய்தார். இப்போது என்னிடம் இருக்கிறது" என்றார். தட்டைத் துடைத்து என்னிடம் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினார்.

மாலை முழுவதும் பாட்டியோடு சமையலறையில். பாட்டி அழவில்லை, பேச வேண்டும்போல் இருந்தது அவருக்கு. தாத்தாவுக்கு நார்வே மொழி ஏன் தெரியாமல் போனது என்று முன்பு கேட்டிருக்கிறேன். இன்று பாட்டி முழுதாகச் சொன்னார். முதல் உலகப்போர் நடந்த 1918 மே மாதம், ஐயோவா ஆளுநர் ஹார்டிங் ஓர் ஆணை போட்டார். பள்ளியில், தேவாலயத்தில், பொது இடத்தில், தொலைபேசியில்கூட ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக்கூடாது. ஜெர்மன்காரர்களைக் குறிவைத்தது நார்வேக்காரர்கள் தலையிலும் விழுந்தது. தாத்தாவின் பாட்டிக்கு ஆங்கிலம் வராது. பல வீடுகளுக்குப் பொதுவான தொலைபேசிக் கம்பி, யார் வேண்டுமானாலும் ஒட்டுக்கேட்கலாம். அடுத்த பண்ணையிலிருந்த தங்கையை அழைத்து, இருவரும் பேசாமல் கொஞ்ச நேரம் காதில் வைத்திருந்துவிட்டு வைத்துவிடுவார்களாம். மூச்சுச் சத்தம் கேட்டாலே போதும் என்று.

ஆணை அந்த ஆண்டு முடிவதற்குள் போய்விட்டது. அச்சம் போகவில்லை. அந்தத் தலைமுறை பிள்ளைகளிடம் ஆங்கிலத்திலேயே பேசத் தொடங்கியது. ஊரில் நார்வே மொழியில் வந்துகொண்டிருந்த டெகோரா-போஸ்டன் பத்திரிகையும் 1972ல் நின்றது. தாத்தாவிடம் எஞ்சியது ஓர் உணவு வேளை ஜெபம், பலகாரப் பெயர்கள், அப்புறம் நன்றிச் சொற்கள். சாப்பிட்டு எழுந்தால் 'தாக் ஃபொர் மாத்தென்', உணவுக்கு நன்றி. அதற்குப் பதில் 'வெல் பெகொம்மெ', உடம்பில் நன்றாகச் சேரட்டும். மறுமுறை ஒருவரைச் சந்தித்தால் 'தாக் ஃபொர் சிஸ்ட்', போன தடவைக்கு நன்றி.

இதைக் கேட்டபோதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. நம் வீட்டில் அம்மாவுக்கு யார் நன்றி சொல்கிறோம்? சொன்னால் அந்நியமாகத் தோன்றும். ஒரு முறை அதை அவரிடமே சொன்னேன். "பிறகு எப்படிக் காட்டுவீர்கள்?" என்றார். யோசித்துவிட்டு, கிளம்பும்போது நாங்கள் போகிறேன் என்று சொல்லமாட்டோம், போய்வருகிறேன் என்போம் என்றேன். அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. அவர்கள் சந்திக்கும்போது நடந்ததற்கு நன்றி சொல்கிறார்கள். நாம் பிரியும்போது வரப்போவதற்கு வாக்குக் கொடுக்கிறோம். அதற்குப் பின் நான் எப்போது புறப்பட்டாலும் தபால் பெட்டி வரை நடந்து வந்து, தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு, "போய்வா" என்று தமிழில் சொல்வார். அடுத்த தடவை வாசலில் கால் வைத்ததும் நான் 'தாக் ஃபொர் சிஸ்ட்' சொல்ல வேண்டும். இருபத்தைந்து ஆண்டு இந்த வழக்கம் தப்பியதில்லை.

நான்காம் நாள், வெள்ளி

மேட்டின் மேல் வெள்ளை மரத் தேவாலயம். பின்னால் கல்லறைகள். காற்று பலமாக இருந்தது.

குடும்பத்தார் வரிசையாக உள்ளே போகும்போது நான் ஒதுங்கி நின்றேன். மகன் திரும்பி வந்து என் முழங்கையைப் பிடித்துப் பேரப்பிள்ளைகளோடு சேர்த்துவிட்டார். உட்கார்ந்த பிறகுதான் கையிலிருந்த அச்சிட்ட தாளைப் பிரித்தேன். பிறந்த ஆண்டு, திருமணம், பால்மாடு வளர்த்த 40 ஆண்டுகள். பிள்ளைகள் 4, பேரப்பிள்ளைகள் 12. எண்ணிப் பார்த்தேன். எப்படி எண்ணினாலும் 11தான் வந்தது. பின்னால் சாய்ந்து மூத்த மகளிடம் காட்டினேன். "அப்பா யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார். நாங்கள் மாற்றவில்லை" என்று காதோடு சொன்னார்.

போதகர் என்ன பேசினார் என்று எனக்கு நினைவில்லை. எழுத வேண்டும் என்று நினைத்துக் கேட்டும் நினைவில்லை.

பெட்டியைப் பேரன்களும் பேத்திகளும் சுமந்தோம். குழியருகே போதகர் மூன்று முறை மண் போட்டார். பழைய கற்கள் பலவற்றில் 'தாக் ஃபொர் ஆல்ட்' என்று செதுக்கியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் நன்றி. நார்வேக்காரர்கள் இறந்தவர்களிடம் கடைசியாகச் சொல்வது அது. பாட்டி முன்னால் போய், வெறும் வாயசைவாக அதைச் சொன்னார். எனக்கும் சொல்ல வேண்டும் என்றிருந்தது. தொண்டை அடைத்துக்கொண்டது. கும்பிட்டுவிட்டு வந்தேன்.

பிறகு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. ஊர்ப் பெண்கள் விடியற்காலையிலிருந்து நின்று செய்தது. பன்றி இறைச்சி வைத்த சிறு ரொட்டிகள், உருளைக்கிழங்கு, ஊறவைத்த வெள்ளரி, தட்டுத் தட்டாக இனிப்புகள். முட்டைக் காபி என்று ஒன்று உண்டு. இங்கு வந்துதான் நான் பார்த்தேன். காபித்தூளில் ஒரு முட்டையை ஓட்டோடு நொறுக்கிப் போட்டுப் பிசைந்து, பெரிய எனாமல் பானையில் கொதிக்கும் நீரில் போடுவார்கள். இறக்கியதும் ஒரு குவளை குளிர்ந்த நீர் ஊற்றினால் தூளெல்லாம் முட்டையோடு திரண்டு அடியில் போய்விடும். மேலே நிற்பது தேன் நிறம், கசப்பே இல்லை. நம் டிகாக்‌ஷன் குடித்து வளர்ந்த நாக்குக்கு முதலில் காபியாகவே தோன்றாது. இன்று மூன்று கோப்பை குடித்தேன். பானையைப் பிடித்திருந்த அம்மாள், "அவர் ஐந்து குடிப்பார்" என்றார்.

ஐந்தாம் நாள், சனி

இன்று மாலை விமானம். காலையில் விடைபெறப் போனால் பாட்டி சமையலறை மேசையை இழுத்துப் போட்டு மாவு தூவிக்கொண்டிருந்தார். தாத்தா கடைசியாகத் தோண்டி எடுத்த உருளைக்கிழங்கு நிலவறையில் இருந்திருக்கிறது. நேற்றிரவே வேகவைத்து, இடியாப்ப உரல் போன்ற ஒன்றில் பிழிந்து, வெண்ணெயும் பாலேடும் சேர்த்துக் குளிரவைத்துவிட்டார். "எல்லோரும் இங்கே இருக்கிறீர்கள். இனி கிறிஸ்துமஸுக்கு யார் வருவீர்களோ, எனக்குத் தெரியாது" என்றார்.

லெஃப்சா என்ற உருளைக்கிழங்கு ரொட்டி சுடுவது ஒருவர் வேலை அல்ல. ஒருவர் மாவு சேர்த்துப் பிசைந்து உருண்டை பிடிக்க வேண்டும். ஒருவர் வரிவரியாகப் பள்ளம் வெட்டிய குழவியால் இட வேண்டும். சப்பாத்திபோல் அல்ல, போளியைவிட மெலிதாக, அடியில் விரித்த துணியின் நெசவு தெரியும் அளவுக்கு. ஒருவர் நீண்ட தட்டைக் குச்சியை அடியில் நுழைத்துத் தூக்கி, பெரிய வட்டக் கல்லில் விரித்து, பழுப்புப் புள்ளி விழுந்ததும் புரட்ட வேண்டும். நான் இடுகிறவள், முதல் ஆண்டிலிருந்தே. "உன் கைக்குத் தெரியும்" என்று தாத்தா கொடுத்த பொறுப்பு. புரட்டுவது எப்போதும் அவர்.

கல் சூடேறிவிட்டது. முதல் லெஃப்சாவை இட்டு முடித்தேன். குச்சி சுவரில் ஆணியில் தொங்கியது. பிடியில் அவர் அக்கா தீட்டிய நீலப்பூ. பெருவிரல் அழுந்தும் இடத்தில் மட்டும் பூ அழிந்து மரம் தெரிகிறது. மகன்கள் இருவரும் அதைப் பார்த்தார்கள், யாரும் எடுக்கவில்லை. மாவு துணியில் காயத் தொடங்கியது.

ஒன்பது வயதுக் கொள்ளுப்பேத்தி நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிக் குச்சியை எடுத்தாள். அவள் விரல் அந்த அழிந்த இடத்துக்கு எட்டவில்லை, பூவின் மேலேயே நின்றது. நுழைத்துத் தூக்கியபோது ஒரு பக்கம் கிழிந்தது. கல்லில் கோணலாக விழுந்தது. புரட்டினாள். மாவு தீயும் வாசனை வீடு முழுக்கப் பரவியது.

"முதலாவது சுட்டவருக்கு" என்று பாட்டி சொன்னார். தாத்தா சொல்லும் வாசகம் அது. வெண்ணெய் தடவி, சர்க்கரை தூவி, சுருட்டி அவள் கையில் கொடுத்தார். அவள் அதை நான்காகப் பிய்த்து, எட்டியவர்களுக்கெல்லாம் நீட்டினாள். எனக்கும் ஒரு துண்டு வந்தது.

"தாக் ஃபொர் மாத்தென்" என்றேன்.

"வெல் பெகொம்மெ" என்றாள், அடுத்ததைத் தூக்கக் குச்சியை நீட்டிக்கொண்டே. நான் இரண்டாவது உருண்டையை எடுத்தேன்.